தொட்டுப் பார்க்கிறவள்

ஐம்பத்து மூன்று வயதில், ஒரு பொம்மை மனிதனை மாடிப்படி ஏற்றுவதற்காக நான் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தேன். இது எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மானம் போயிருக்கும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் ஆய்வக உதவியாளர். குடுவைகளைக் கழுவுவது, புட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. என் மனைவி அதே மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பதினெட்டு வருஷமாக இங்கே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம்.

விளையாட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மாமனார் இறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. மார்கழி மாதம், ஆலை ஓடிக்கொண்டிருந்த சமயம். விடியற்காலை ஐந்து மணிக்கு என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, எனக்குப் போன் செய்தான். "மாமா, அப்பா பூட்டாரு. அக்காகிட்ட சீரியஸ்னு மட்டும் சொல்லி இட்டுகினு வாங்க" என்றான்.

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதியைச் சாவுச் சேதியாகப் பெண்பிள்ளைகளிடம் சொல்ல மாட்டோம். உடம்பு சரியில்லை, சீரியஸ், உடனே கிளம்பு என்போம். கேட்கிறவருக்கும் பாதி புரிந்துவிடும். புரிந்தும் புரியாமலும் ஊர்வரை வந்து சேர்ந்துவிடுவார்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் சீரியஸ் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். நான் மூடவில்லை. என் மனைவி நர்ஸ் என்பதால் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"பேசறாரா?"

"பேசறாராம். ரெண்டு இட்லி சாப்ட்டாராம்."

"பிரஷர் எவ்ளோன்னு சொன்னாங்களா?"

"கொஞ்சம் கம்மியாம்."

"யூரின் போனாரா?"

"போனாராம்."

இப்படிக் கச்சிராயபாளையம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் சொன்ன பதில்களை வைத்து அவள் மனசுக்குள் வைத்தியமே ஆரம்பித்துவிட்டாள். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறும்போது தெரிந்த ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போன் போட்டு, பாண்டிச்சேரி வரைக்கும் போகவேண்டியிருக்கும், தயாராக இருங்கள் என்றாள். மடியில் பிளாஸ்க். அதில் கஞ்சி. பையில் ஒரு போர்வையும் பிரஷர் பார்க்கிற கருவியும். ஊரில் இறங்கித் தெருமுனை திரும்பியபோது பந்தல் போட்டிருந்தது, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிளாஸ்க்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். யாரோ ஓர் அத்தை வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

காரியம் முடிந்து மலைக்குத் திரும்பிய அன்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "செத்துப்போனவருக்கு ரெண்டு இட்லி ஊட்டிவுட்டுட்டீங்களே. நான் நம்பிக்கினு வந்தேனே."

அதோடு சரி. பிளாஸ்க் பரண்மேல் ஏறியது. பேச்சு, கேஸ் தீர்ந்துவிட்டது, பால் வாங்கி வாங்க என்பதோடு நின்றது. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். அவளுக்கு என்மேல் கோபம் என்று சொல்வதைவிட நம்பிக்கை போய்விட்டது என்று சொல்வதுதான் சரி. நான் எதைச் சொன்னாலும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். இருபத்திநாலு வருஷம் கூட இருந்தவள் அப்படிப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று அவளுக்குத் தெரியாமல் என்னிடம் இருந்தது. மாமனார் இறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கும் மச்சான் எனக்குப் போன் செய்திருந்தான். அப்பாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறதாம், வாயுவாக இருக்கும், பெருங்காயம் கொடுத்திருக்கிறோம், அக்காவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றான். கடைசி பஸ் போய்விட்டது. வெளியே பனி, எதிர்வீட்டு விளக்கு தெரியவில்லை. சொன்னால் பைக்கை எடுங்க என்பாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் அப்போது அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். என் தட்டில் இரண்டாவது தோசை விழுந்தது, சாப்பிட்டேன்.

வாயு என்று அவன் சொன்னதை அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் அந்த மார்கழியிலிருந்து தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. சென்னையில் படிக்கும் மகள் லீவுக்கு வந்தவள் வீடு கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது தன் டேப்லெட்டை வைத்துவிட்டுப் போனாள். "இதுல ஒரு கேம் போட்டுருக்கேன். ரெண்டு பேரும் சேந்து ஆடுங்க. சும்மா ஆளுக்கொரு மூலையில உக்காந்துக்கினு இருக்காதீங்க" என்றாள். துப்பாக்கி, கார் என்று ஏதாவது இருக்கும் என்று நினைத்து அதை நான் ஒரு வாரம் தொடவில்லை.

திறந்தால் ஒரு படம். எங்கோ தூர தேசத்தில் யாரோ உட்கார்ந்து கையால் வரைந்த படம். பென்சில் கோடு அழியாமல் அப்படியே தெரிகிறது. சில இடத்தில் வர்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. மழை நிற்காத ஓர் ஊர், அதில் ஐந்து மாடி வைத்த ஒரு பழைய விடுதி, மேல்மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு. கீழே வாசலில் தொப்பி போட்ட குட்டி மனிதன் ஒருவன் நனைந்துகொண்டு நிற்கிறான். அவனை அந்த விளக்கு எரியும் அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு வார்த்தை எழுத்து கிடையாது, பேச்சும் கிடையாது.

படத்தில் எதைத் தொட்டாலும் ஏதாவது நடக்கும். திரைச்சீலையைத் தொட்டால் பின்னால் பூனை இருக்கும். அலமாரியைத் தொட்டால் ஒரு கரண்டி கிடைக்கும். கரண்டியை எங்கே பயன்படுத்துவது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பான இடத்தில் வைத்தால் குட்டி மனிதன் தலையைச் சொறிந்துகொண்டு நம்மைப் பார்ப்பான். திட்ட மாட்டான், சாகவும் மாட்டான். மதிப்பெண் இல்லை, நேரக் கணக்கு இல்லை. நாம் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் துணி மடித்துவிட்டு வந்தாலும் அவன் அதே படிக்கட்டில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பான். தப்பு செய்தால் மதிப்பெண் வெட்டும் இடத்திலேயே காலம் தள்ளுகிற எனக்கு இந்தப் பொறுமை பிடித்துப்போனது. அப்புறம், வேண்டிய எல்லாமே அந்தப் படத்துக்குள் நம் கண் முன்னால்தான் இருக்கிறது. வரைந்தவர் எதையும் ஒளித்துவைத்து ஏமாற்றுவதில்லை. நாம் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் மூன்று நாள் நான் மட்டும்தான் ஆடினேன். நாலாம் நாள், துவைத்த துணியோடு என் பின்னால் போன மனைவி நின்றாள்.

"அந்த ஆளு இடது கால தாங்கி நடக்கறான். பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. மூன்று நாளாக அவனை நடக்கவிட்டும் கவனிக்கவில்லை. அவள் துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் அவன் இடது காலணியைத் தொட்டாள். அவன் உட்கார்ந்து அதைக் கழற்றி உதறினான். உள்ளேயிருந்து ஒரு சாவி விழுந்தது. மூன்று நாளாக நான் தேடிய சாவி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாவிக்காக அல்ல. அவள் பாலையும் கேஸையும் தவிர வேறு ஒன்றைப் பற்றி என்னிடம் பேசியிருந்தாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் டீ குடித்த கையோடு உட்காருவோம். அவள் ஆடுகிற விதமே வேறு. நான் எது உதவும் என்று பார்ப்பேன். அவள் எல்லாவற்றையும் தொடுவாள். உதவாது என்று நன்றாகத் தெரிந்த பூந்தொட்டி, சுவர்ப் படம், கிழிந்த செருப்பு, எதையும் விடமாட்டாள். "இதுக்கு இன்னாவோ, பாவம்" என்று தொட்டுப் பார்ப்பாள். வார்டில் ஒவ்வொரு கட்டிலாக நின்று போகிறவள், இங்கேயும் அப்படியே. மூன்றாம் மாடியில் கூரை ஒழுகி மூன்று ஜாடிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் நிரம்பினால்தான் கதவு திறக்கும். நான் ஜாடிகளை இடம் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் போராடினேன். அவள் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "டிரிப்ஸ்தானே இது" என்று, சொட்டுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருகினாள். கதவு திறந்தது. இருவரும் சிரித்தோம். மார்கழிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

என் புத்தி அங்கேதான் கெட்டது. அவள் கண்டுபிடிக்கும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நானும் கொஞ்சம் வரவழைக்க ஆசைப்பட்டேன். இந்த விளையாட்டை முழுக்க ஆடிக்காட்டும் வீடியோ இருக்கிறது என்று யதேச்சையாகத் தெரியவந்தது. வீட்டில் போன் பேச முடியும், நெட் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி மேட்டில் இரண்டு கோடு வரும். அங்கே ஏறி, வெயிலில் கண்ணை இடுக்கி, அடுத்த மாடியின் விடையைப் பார்த்துக்கொண்டு வருவேன். சாயங்காலம் சற்று யோசிப்பதுபோல் தாடையைத் தடவிவிட்டு, "ஒருவேளை குடையைக் கயித்துல கட்டினா?" என்பேன். அவள் என்னைப் பார்ப்பாள், சந்தேகமாக அல்ல, ஆச்சரியமாக. அந்தப் பார்வைக்காக நான் மேடென்ன, மலை உச்சிக்கே ஏறியிருப்பேன்.

ஒரு நாள் மேட்டில் ஆர்வம் தாங்காமல் கடைசிவரை பார்த்துவிட்டேன். மேல்மாடி அறையில் விளக்கு எரிகிறது. கட்டில் இருக்கிறது. கட்டில் காலி. யாரைப் பார்க்க அந்த மனிதன் அத்தனை மாடி ஏறினானோ, அவர் அங்கே இல்லை.

அதை அவள் பார்க்கக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவுசெய்தேன்.

அன்று சாயங்காலம் நாலாம் மாடி. ஒரு சுவர்க்கடிகாரம், அதைச் சுற்றி ஏழு பறவைகள். பறவைகளைச் சரியான வரிசையில் தொட வேண்டும். என் மனசு முழுக்கக் காலிக் கட்டில்தான் இருந்தது. நடிக்க மறந்துபோய், விரலை நீட்டி ஏழையும் மளமளவென்று தொட்டுவிட்டேன். கடிகாரம் மணி அடித்தது.

அவள் டேப்லெட்டை மெதுவாகக் கட்டிலில் வைத்தாள்.

"எதையும் தொட்டுப் பாக்காம எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? ஒண்ணுகூடத் தப்பாத் தொடல."

நான் வீடியோவைப் பற்றிச் சொன்னேன். சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் தெரிஞ்சுக்கினு, தெரியாத மாதிரியே பக்கத்துல உக்காந்து இருந்திருக்கீங்க. மறுபடியும்." அப்புறம் கேட்டாள். "மேல இன்னா இருக்குது? அதையும் பாத்துட்டீங்களா?"

"இல்ல. அதப் பாக்கல" என்றேன்.

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். டேப்லெட் பத்து நாள் அங்கேயே கிடந்தது. தூசி படிந்தது. அவள் அதையும் என்னையும் சுற்றிக்கொண்டு நடந்தாள். நான் ஆய்வகத்தில் புட்டிகளைத் துடைத்துக்கொண்டே என்னை நானே திட்டிக்கொள்வேன். அவள் நன்மைக்காக என்று சொல்லிக்கொள்வதெல்லாம் சுத்தப் பொய். அவள் அழுவதை என்னால் பார்க்க முடியாது. அதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் மறைத்திருக்கிறேன். இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பத்து நாள் ஆனது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"மேல் ரூம்ல கட்டில் காலி. யாருமில்ல. நான் முன்னாடியே பாத்துட்டேன். பாக்கலன்னு பொய் சொன்னேன்."

முறம் நின்றது. "அதுக்கு இன்னாத்துக்குப் பொய்?"

"நீ அழுவியேன்னு."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன்." கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை எடுத்துத் தூசியை முந்தானையால் துடைத்தாள். "வாங்க. போய்ப் பாப்போம்."

ஐந்தாம் மாடியை அவளேதான் ஆடினாள். நான் வாயைத் திறக்கவில்லை. கதவு திறந்தது. காலிக் கட்டில். வீடியோவில் ஆடியவர் இந்த அறையை அரை நிமிஷத்தில் கடந்துபோயிருந்தார். அவள் போகவில்லை. வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் தொட்டாள். விளக்கைத் தொட்டால் சுடர் ஆடியது. ஜன்னலைத் தொட்டால் மழைச் சத்தம் கூடியது. மடித்துவைத்த போர்வையைத் தொட்டபோது குட்டி மனிதன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். தலையணையில் தலை பதிந்த பள்ளத்தை யாரோ பென்சிலால் அவ்வளவு பொறுமையாக நிழல் தீட்டியிருந்தார்கள். அதை நான் வீடியோவில் பார்க்கவே இல்லை. கடைசியில் கட்டிலைத் தொட்டாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மழை நின்றது. அவ்வளவுதான்.

அவள் அழவில்லை.

"இதத்தான் பாக்கக்கூடாதுன்னு இருந்தீங்களா? பாத்தாத் தாங்கிக்குவேன். பஸ்ஸுல மூணு மணி நேரம் என்னை இட்லிய நெனச்சுக்கினு வர வெச்சீங்களே, அதுதான் தாங்கல."

அப்போது சொன்னேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்த போன், நெஞ்சு ஒரு மாதிரி, வாயு, பெருங்காயம், அக்காவைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டது, பனி, தோசை. எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன்.

அவள் முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேர்த்துச்சான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"போனை என்கிட்ட குடுத்திருந்தா கேட்டிருப்பேன். வேர்த்தா அது வாயு இல்ல, ஹார்ட்டு."

அழுதாள். நான் எழுந்து போகவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டூட்டிக்குப் போனாள். சமைத்தாள். என்னைப் பார்க்காமலே ஒரு மாதம் இருந்தாள். மன்னித்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

வைகாசியில் ஒரு சாயங்காலம் என் போன் அடித்தது. மச்சான். அவள் அடுப்படியில் இருந்தாள்.

"மாமா, அம்மா தலை சுத்தி விழுந்துட்டாங்க. வாயுதான்னு நெனைக்கிறேன். இஞ்சி தட்டிக் குடுத்திருக்கேன். அக்காகிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாதீங்க, பயந்துடும். காலையில பாத்துக்கலாம்…"

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுப்படிக்குப் போய் அவள் காதில் போனை வைத்தேன். "உன் தம்பி. அம்மா விழுந்துட்டாங்களாம். உன்கிட்ட சொல்லாதேன்றான்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பிடுங்கினாள்.

"டேய், வேர்த்துச்சா? சட்டுனு சொல்லு, வேர்த்துச்சா? … எந்தக் கை வலிக்குது? … இஞ்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நடக்க வுடாத. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன், வாசல்ல வந்து நில்லு." வைத்துவிட்டு அந்த டிரைவருக்குப் போட்டாள். கால்மணி நேரத்தில் ஏழெட்டுப் போன். கடைசியில் மச்சான், அம்மாவைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டோம், பேசுகிறார்கள் என்றான். அவள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, அந்தக் குரலைத் தன் காதால் கேட்ட பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

"அவன் வேற எதனா சொன்னானா?"

"எல்லாத்தையும் நீயே கேட்டுட்ட. எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

தலையாட்டினாள். அரிசி டப்பாவைத் திறந்து ஒரு பிடி எடுத்துச் சின்னப் பாத்திரத்தில் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள்.

"நான் அம்மாவுக்குக் கஞ்சி வெக்கறேன், எடுத்துக்கினு கிளம்பலாம். பரண்மேல பிளாஸ்க் இருக்குது பாருங்க, எடுத்துக் கழுவி வைங்க" என்றாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.